அரக்கு நிறக் கறை

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள் கண்ணு. ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தால் உனக்குப் புண்ணியமாகப் போகும். மலையில் பஸ் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். எப்படித் தெரியும் என்றால், தெரியும், அவ்வளவுதான். மலைக்கு வருவது இதுதான் முதல் தடவை. சமதரையிலேயே சுற்றுகிற தலை மலையில் சும்மா இருக்குமா? எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருக்கிறேன். உனக்கும் ஒன்று தரட்டுமா? வேண்டாமா? சரி, பையில் இருக்கட்டும்.

கண்டக்டர் தம்பி, அரவேனு வந்தால் ஒரு குரல் கொடுங்கள். பார், முகத்தை எப்படிச் சுளிக்கிறான். "ஏனுங்கம்மா, இதோட எத்தன வாட்டி சொல்லீட்டீங்க. வண்டி இன்னும் மேட்டுப்பாளையத்தையே தாண்டலீங்க" என்கிறான். அவனுக்கென்ன, தினமும் போய் வருகிறவன். நான் கரூரை விட்டு வெளியே வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று அவனுக்குத் தெரியுமா?

நீயும் அரவேனுதானா? நல்லதாய்ப் போயிற்று. அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சரா? பார்த்தாலே தெரிகிறது. நான் ஏழாவதோடு நிறுத்தியவள். நிறுத்தியவள் என்றால் நானாக நிறுத்தவில்லை, நின்றுபோயிற்று. அதைச் சொல்கிறேன், இரு. கேஸை மூடினேனா என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. மூடினேன். மூடிவிட்டுத் திரும்பவும் போய்ப் பார்த்தேன்.

என் தம்பியைக் கூட்டி வரத்தான் போகிறேன். பூபதி என்று பெயர். ஓவியம் போடுகிறவன். பேப்பரில்கூட அவன் பெயர் வந்திருக்கிறது. அரவேனுப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் ஓவியர்களைக் கூப்பிட்டு ஒரு மாதம் தங்கவைத்துப் படம் போடச் சொல்கிறார்களாம். சித்திரையில் போனான். ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். ஒரு மாதம்தானே என்று நானும் விட்டேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது. போனில் கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள்க்கா" என்கிறான். என்ன கொஞ்ச நாள்? வீடு என்று ஒன்று இருக்கிறது, அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள், அந்த நினைப்பு வேண்டாமா? இன்றைக்குக் கையோடு கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். அவனுடைய சட்டைகளைத் துவைத்து மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மாவு அரைத்து ஃபிரிட்ஜில் இருக்கிறது. போனதும் இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்தால் தின்றுவிட்டுத் தூங்குவான்.

அவனுக்கு இடது கால் சூம்பிப்போனது. குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து அப்படி ஆயிற்று. அம்மா அதற்கு முன்னாலேயே போய்விட்டாள். அப்பா மில்லுக்குப் போகிறவர். அவனை யார் தூக்குவது? நான்தான். காலையில் பள்ளிக்கூடம் போவேன், மத்தியானச் சோற்று மணி அடித்ததும் அவனைப் பார்க்க ஓடிவருவேன், திரும்ப ஓடுவேன். ஒருநாள் மத்தியானம் வந்தவள் திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு. புவியியல் நோட்டில் பாதிப் படத்துக்குக் கலர் அடித்தபடி கிடந்தது. அதைப் பற்றி என்ன, விடு.

கல்யாணமா? அப்பாவும் போன பிறகு கேட்டு வந்தார்கள். இவனை எங்கே விடுவது? தம்பியையும் கூட்டிக்கொண்டு வரட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று குளித்தலைக்காரர் ஒருத்தர் சொன்னார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் வீட்டில் என் தம்பி போய்ச் சோற்றுக்கு உட்காருவானா? அந்த மனுஷர் மறுபடியும் ஒரு தரம் வந்து கேட்டார். மறுபடியும் முடியாது என்றேன். பார், அவனுக்காக எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறேன். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மலையில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

எங்கள் வீட்டை ஒட்டியே பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற ஒர்க்‌ஷாப். கரூரில் அது பெரிய தொழில், உனக்குத் தெரிந்திருக்கும். வெறும் எஞ்சினும் சக்கரமுமாக வண்டி வரும். தகரம் அடித்து, ஜன்னல் வைத்து, சீட்டுப் போட்டு, பெயிண்ட் அடித்துப் பஸ்ஸாக வெளியே போகும். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனையோ பஸ் உருவாகி எந்தெந்த ஊருக்கோ போயிருக்கிறது. தகரம் கொட்டுகிற சத்தத்தில்தான் நான் சமைத்தேன், தூங்கினேன். ஒர்க்‌ஷாப்புக்கு லீவு விட்டால் எனக்குக் காது என்னமோ போல இருக்கும். இந்தப் பஸ்கூட அங்கே கட்டியதாக இருக்கலாம். சீட்டுக் கம்பி அந்த மாதிரிதான் தெரிகிறது.

முதலாளி ரங்கண்ணன் நல்ல மனுஷர். பூபதி ஜன்னலில் உட்கார்ந்து பெயிண்டர்கள் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்போதெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சீனரி போடுவார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஓரத்தில் குடிசை, பக்கத்தில் தென்னை மரம். அதை இவன் சிலேட்டில் அப்படியே போட்டான். ரங்கண்ணன் பார்த்துவிட்டு, "வசந்தாமணி, பையன ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றார். அங்கே தகரம் கிழிக்கும், வெல்டிங் நெருப்புத் தெறிக்கும், அந்தக் காலோடு இவன் எங்கே ஓடுவான்? "முடியாதுங்கண்ணா" என்றேன். "அப்ப பஸ்ஸத்தான் உங்க ஊட்டுக்குள்ள கொண்டாந்து உடோணும்" என்று சிரித்தார்.

கடைசியில் அப்படித்தான் நடந்தது. பின்பக்கத் தகரத்தை வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்து கூடத்துச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். இவன் ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடியே மலையும் ஆறும் போட்டுக் கொடுப்பான். காய்ந்ததும் எடுத்துப்போய்ப் பொருத்துவார்கள். கரூரில் வேறு எங்கேயும் அப்படி ஒரு வேலை நடந்ததில்லை. ஒர்க்‌ஷாப் ஆட்கள் கேலி செய்வார்கள். "ஏய், தகரத்துக்குப் பொண்ணு பாக்கப் போலாம் வாங்கடா" என்று சொல்லிக்கொண்டே தூக்கி வருவார்கள். செய்யட்டும். என் தம்பி என் கண்முன்னால் இருந்தான். அவன் போட்ட மலையெல்லாம் ஊர் ஊராகப் போயிற்று. அவன் ஒரு மலையைக்கூடப் பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? காலண்டரில் மலை இல்லையா?

இது என்ன செக்போஸ்ட்டா? யானை கடக்கும் இடம் என்று போர்டு வைத்திருக்கிறார்களே. நிஜமாகவே கடக்குமா? பகலிலுமா? கண்ணாடியை மூட வேண்டாம், திறந்தே இருக்கட்டும். காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கே விட்டேன்? ஆமாம், கல்லூரி. பதினெட்டு வயதில் அவனுக்குக் கும்பகோணத்து ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ரங்கண்ணன்தான் விண்ணப்பம் போட வைத்தவர், எனக்குத் தெரியாமல். தெரிந்த பிறகும் நான் தடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியைக் கட்டியதே நான்தான். கிளம்புகிற அன்று காலையில் ரங்கண்ணன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். இவன் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான். நான் சொம்பில் தண்ணீரோடு வருகிறேன். அப்படியே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வாசல் நடையிலேயே, அந்தச் சிமெண்டுத் தரையில், குறுக்காக விழுந்துவிட்டேன். இதே மாதிரி ஒரு அரக்குச் சேலைதான் கட்டியிருந்தேன், தண்ணீரெல்லாம் அதில்தான் கொட்டியது. கண்ணைத் திறந்தால் பூபதி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். செருப்பு காலில் இல்லை. கார் போய்விட்டிருந்தது.

டாக்டர் பார்த்தார். பிரஷர், ரத்தம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். டாக்டருக்கு என்ன தெரியும்? கல்லூரியில் சேருகிற தேதி போய்விட்டது. என் நேரம், வேறென்ன சொல்ல.

அப்புறமும் அப்படி ஆகியிருக்கிறது. மதுரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துச் சுவர் முழுக்கப் படம் போட வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். கிளம்புகிற அன்று விழுந்தேன். அவனை மாதிரியே படம் போடுகிற பெண் ஒருத்தி, நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொண்டு திருச்சிக்குப் போகப்போகிறோம் என்று இரண்டு பேருமாக வந்து சொன்னார்கள். "சந்தோஷம்" என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு அவளை வழியனுப்ப நடைக்குப் போனேன், விழுந்தேன். எல்லாம் அதே இடத்தில். அந்தத் தரையில்தான் ஏதோ கோளாறு என்று கொத்தனாரை வரவழைத்து அதைச் சொரசொரப்பாக்கச் சொன்னேன். "வழுக்கவே இல்லீங்களே இது" என்று அவன் காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறான்.

நான் அவனைக் கட்டியா வைத்தேன்? கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். மத்தியானத்தில் மட்டும் உள்ளே தாழ்ப்பாள் போடுவேன், அது நாய் நுழைந்துவிடுமே என்று. சாயங்காலமும் போடுவேன், கொசு.

அப்புறம் பஸ்ஸுக்கெல்லாம் ஸ்டிக்கர் வந்துவிட்டது. சீனரி போடுகிற வேலை நின்றுபோயிற்று. சும்மா இருக்கிறானே, பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வீட்டையே போட ஆரம்பித்துவிட்டான். வீடு என்றால் வீடு மாதிரி இல்லை. ஒரு பலகை. முழுக்க வெள்ளை. ஓரத்தில் பழுப்பு. அதற்குள் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாக. "என்னடா இது?" என்றேன். "நீ தெனமும் பாக்கறதுதான்க்கா" என்றான். எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அப்புறம் முற்றத்துக்குப் போனால் தெரிகிறது. அரிசி களைந்த தண்ணீரை நான் ஊற்றுகிற இடம். காய்ந்து காய்ந்து படிந்துபோய் அப்படியே அந்தப் படம் மாதிரி கிடக்கிறது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது கண்ணு. நான் அவ்வளவு சுத்தம் பார்க்கிறவள். உடனே பிரஷ்ஷும் சோடா உப்புமாக உட்கார்ந்து தேய்த்துக் கழுவிவிட்டேன். மறுநாள் காலையில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான்தான், "பளிச்சுன்னு இருக்குதா?" என்று கேட்டேன். "இருக்குதுக்கா" என்றான்.

அதிலிருந்து எனக்கு ஒரு வழி கிடைத்தது. அவன் ஒரு படம் முடித்தால் போதும், வீட்டில் எந்த மூலையை நான் கவனிக்காமல் விட்டேன் என்று தெரிந்துவிடும். கறுப்பாக மேகம் இறங்குகிற மாதிரி ஒன்று போட்டான். பார்த்தால், அடுப்புக்கு மேலே சுவரில் பிடித்த கரி. சுண்ணாம்பு அடித்தேன். பச்சையாக, கீழே போகப் போகக் கறுத்து, ஒரு காடு மாதிரி ஒன்று. குழாயடிப் பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டேன். அகலமாக ஒரு வெளிர் நீலம், அதில் அங்கங்கே ஓட்டை ஓட்டையாக மஞ்சள். இது என்னவாக இருக்கும் என்று ரெண்டு நாள் யோசித்தேன். கொடியில் காய்கிற என் பழைய போர்வை, வெயில் பட்டால் கிழிசல் வழியாக அப்படித் தெரிகிறது. அதைக் கிழித்துத் தரை துடைக்க எடுத்துக்கொண்டு புதுசு வாங்கினேன். உனக்குச் சிரிப்பு வருகிறதா? வரட்டும். வீடு எப்படி ஆயிற்று தெரியுமா? வந்து பார்க்க வேண்டும் நீ.

கோயம்புத்தூரில் ஓவியக்கூடம் வைத்திருக்கிற தமயந்தி மேடம் என்று ஒருத்தர். எப்படியோ கேள்விப்பட்டு எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். நிலக்காட்சி என்பார்கள், அரூப ஓவியம் என்பார்கள், அவர்கள் பேசுவதே தனி. அரூபம் என்றால் உருவம் இல்லாததாம். யார் சொன்னது? எனக்கு எல்லாமே தெரிகிறதே. அந்த வெள்ளைப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு, "அலை பின்வாங்கிப் போன கடற்கரை மாதிரி இருக்கு பூபதி" என்றார்கள். நான் சமையல்கட்டிலிருந்தே சொன்னேன்: "அது அரிசி கழுவுன தண்ணிங்க மேடம். இப்ப தேச்சுக் கழுவீட்டேன்." அந்தம்மா திரும்பி என்னைப் பார்த்தார்கள். "கழுவிட்டீங்களா?" என்றார்கள். "ஆமாங்க, சுத்தமா" என்றேன். அவர்கள் பூபதியைப் பார்த்தார்கள். பூபதி தரையைப் பார்த்தான். எதற்கென்று தெரியவில்லை.

ஜன்னல் கம்பியின் துரு மழைத் தண்ணீரில் கரைந்து சுவரில் கோடு கோடாக இறங்கியிருந்தது. அதையும் போட்டான். பெரிய படம். செம்மண் காட்டில் மழை என்று பேப்பரில் யாரோ எழுதினார்கள். அந்தப் படம் கோயம்புத்தூரில் ஒரு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறதாம். என் வீட்டுத் துரு! யார் வீட்டு ஹாலிலோ. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கம்பியைச் சுரண்டி பெயிண்ட் அடித்து, சுவரைக் கொத்திப் பூசி, அதற்கு மேல் வெள்ளை அடிக்கச் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். "அக்கா, இந்த ஊட்ல இனிப் பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லக்கா." எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது கண்ணு. இத்தனை வருஷத்தில் வீட்டைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை. இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

ஒரே ஒரு படம்தான் எனக்குப் பிடிபடவில்லை. இரு, போனில் இருக்கிறது, காட்டுகிறேன். தமயந்தி மேடம் அதைத்தான் கண்காட்சியில் நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டினார்கள். எத்தனையோ பேர் கேட்டும் இவன் அதை விற்க மாட்டேன் என்றுவிட்டான். இதோ. பார். முழுக்கச் சாம்பல் நிறம். அதில் கொஞ்சம் சாய்ந்த மாதிரி, குறுக்காக, அரக்கு நிறத்தில் ஒரு நீளக் கறை. மேலே ஒரு ஓரத்தில் வெளிச்சம், கதவு திறந்த மாதிரி. அந்த வெளிச்சத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில் இது படுத்துக் கிடக்கிறது. மலைத்தொடர் என்று சொன்னார்கள் சிலர். மலையா இது? அரக்கு நிறத்தில் ஒரு கறை எங்கே இருக்கிறது என்று வீடு பூராவும் தேடினேன். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், எல்லாம் தேடிவிட்டேன். எதுவும் சிக்கவில்லை. அவனிடமே கேட்டேன். "உனக்குத் தெரியாதாக்கா?" என்றான். "தெரிஞ்சா தொடச்சிருக்க மாட்டனா?" என்றேன். "அதத் தொடைக்க முடியாதுக்கா" என்றான். எழுந்து போய்விட்டான்.

என்னை ஏன் பார்க்கிறாய்? படத்தைப் பார். நீ டீச்சர், உனக்கு ஏதாவது தெரிகிறதா? சேலையா? என் சேலைக்கு என்ன? நான் எப்போதும் அரக்குதான் கட்டுவேன், அழுக்குத் தெரியாது.

சரி, கொடு போனை.

அது என்ன, பச்சையாகக் கத்தரித்துவிட்ட மாதிரி? தேயிலையா? இப்படியா இருக்கும்? அவன் போட்ட மலை இந்த மாதிரி இருக்காது. அவன் மலையில் ஆறு இருக்கும், குடிசை இருக்கும், ரோடே இருக்காது. "குடிசையில இருக்கறவன் எப்படிடா வெளிய போவான்?" என்று ஒரு தரம் கேட்டிருக்கிறேன். "போகாட்டி என்னக்கா" என்றான். இங்கே பார், எவ்வளவு ரோடு. சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் பார், அந்த வெள்ளையாகக் கீழே தெரிகிறதே, அது மேகமா? நமக்குக் கீழேயா? கொஞ்சம் குனிந்துகொள், நான் பார்க்கிறேன்.

போன் அடிக்கிறது. அவன்தான்.

சொல்லுடா. ம், வந்துட்டே இருக்கேன். சாப்பிட்டேன். இல்ல, இல்ல, பக்கத்துல ஒரு பொண்ணு இருக்குது, தொணையா பேசிட்டு வர்றேன். நீ சட்டை போட்டிருக்கறயா, ஸ்வெட்டர் எங்க? ஏன்டா போடல? என்னது? எந்த வீடு? யாரக் கேட்டு? எதுக்குடா வீடு, அதான் வீடு இருக்குதே. பூபதி. பூபதி, நான் சொல்றதக் கேளு. டேய். சிக்னல் போயிடுச்சா, வெச்சுட்டானா?

வீடு பார்த்துவிட்டானாம். இரண்டு அறை. அட்வான்ஸ்கூடக் கொடுத்துவிட்டானாம். "உனக்கும் ஒரு ரூம் வெச்சிருக்கேன்க்கா, ஜன்னலத் தொறந்தா மல தெரியும். இருக்கறதுன்னா இரு, இல்லீன்னா பாத்துட்டுப் போ. நான் வரலக்கா" என்கிறான். நான் வரலக்கா. அவன் இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கேயாவது போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வரமாட்டேன் என்று சொன்னதில்லை. என்ன தைரியம் பார். தானே சமைக்கிறானாம். குச்சி ஊன்றிக்கொண்டு அந்தச் சரிவில் தானே ஏறி இறங்குகிறானாம். மழையில் நனைகிறானாம், அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

என்ன சொல்கிறாய்? நானும் இங்கேயே இருந்துவிடுவதா? நீயும் அவனை மாதிரியே பேசுகிறாயே கண்ணு. எப்படி இருப்பது? அவனே சமைக்கிறான், அவனே துவைக்கிறான் என்றால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா? எவ்வளவு நேரம் பார்ப்பது? அங்கே கரூரில் வீட்டை யார் கூட்டுவது, யார் பெருக்குவது? யாருமே இல்லை, அழுக்கே ஆகாது என்கிறாயா? ஆகும். நீ சின்னப் பெண், உனக்குத் தெரியாது. பூட்டிக் கிடக்கிற வீட்டில்தான் தூசி அதிகம் சேரும். பன்னிரண்டு வயதிலிருந்து நான் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன். அதற்கு வெளியே எப்படி நிற்பது, எங்கே கையை வைத்துக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது போய், ஜன்னல் இருக்கிறது வா என்கிறான்.

இன்னும் எவ்வளவு தூரம்? பக்கத்தில் வந்துவிட்டதா? கண்டக்டர் சொல்லவே இல்லையே.

நான் ஒன்று கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதே. நீயும் அங்கேதானே இறங்குகிறாய். என் கையைப் பிடித்து இறக்கிவிடு. இறக்கிவிட்டு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லு. "உங்கக்கா பஸ்ஸுல மயங்கிட்டாங்க. தனியா இருக்கற ஒடம்பு இல்லீங்க இது. கூட்டீட்டு ஊருக்குப் போங்க." அவ்வளவுதான். நான் சொன்னால் இப்போதெல்லாம் அவன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நீ வெளி ஆள். படித்தவள். நீ சொன்னால் நம்புவான். நம்பிவிட்டால் அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டான், அவன் மனசு எனக்குத் தெரியும், அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்ததைக்கூட மறந்துவிட்டு என்னோடு பஸ் ஏறிவிடுவான். தங்கமான பிள்ளை.

பொய்யா? இதில் என்ன பொய்? மயங்கியிருக்கலாம்தானே? இவ்வளவு வளைவு திரும்பியிருக்கிறோம்.

என்ன? மறுபடியும் சொல்லு, எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. "உங்களுக்கு ஒண்ணுமே ஆகலீங்களேம்மா, வழி பூராவும் எட்டி எட்டி வெளியதான பாத்துட்டு வந்தீங்க" என்கிறாயா?

பார்த்தேனா? நானா?

இரு, வண்டி நிற்கிறது. அதோ, அந்த டீக்கடைப் பக்கத்தில் நிற்கிறானே, அதுதான் பூபதி. எவ்வளவு கறுத்துவிட்டான் பார். தாடி வேறு. குச்சியை ஊன்றிக்கொண்டு எப்படி நிமிர்ந்து நிற்கிறான். என்னைப் பார்த்துவிட்டான், கையைக் காட்டுகிறான். ஏன் அங்கேயே நிற்கிறான், கிட்டே வர வேண்டியதுதானே? நான் இறங்கி வரட்டும் என்று நிற்கிறானா?

கையைக் கொடு கண்ணு. இறுக்கிப் பிடித்துக்கொள். நீ எதுவும் சொல்ல வேண்டாம், சொல்லாவிட்டால் போகிறது. நான் நன்றாகத்தான் வந்தேன் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.